பீர் ஆலைச் சக்கை: புதுப் பயனுக்கு முன் ஒரு பொறுப்பு

மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயலவேண்டும் என்பது நமது அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு வகுத்துள்ள நெறியாகும். எனினும், நாட்டின் பல மாநிலங்களில் பீர் ஆலைகள் அனுமதி பெற்று இயங்கி வருகின்றன. அவை இயங்கும்வரை அவற்றின் உபபொருள்களும் நாள்தோறும் குவிந்துகொண்டே இருக்கும். குடியைப் பற்றி ஒருவரது கருத்து எதுவாயினும், குவியும் பொருளை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை கூறியே ஆகவேண்டும்.

பீர் தயாரிப்பில், முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட், நொறுக்கப்பட்டு வெந்நீரில் ஊறவைக்கப்படுகிறது. அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறிச் சாற்றுடன் வடிந்துவிடுகிறது. எஞ்சுவது தானியச் சக்கை. நூறு லிட்டர் பீருக்குச் சுமார் 20 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கோ அதற்கு மேலோ நீர். உலர்ந்த பகுதியில் புரதம் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவதில்லை. மற்றதில் பெரும்பகுதி நார்ப்பொருள்.

இச்சக்கைக்குப் புதிய பயன்கள் பல கூறப்படுகின்றன. உலர்த்தி அரைத்துக் கோதுமை மாவுடன் கலந்து ரொட்டியும் பிஸ்கோத்தும் செய்யலாம், காளான் வளர்க்கலாம், எரிவாயுக் கலத்தில் இடலாம், மக்கவைத்து எருவாக்கலாம். இவை யாவும் இயலக்கூடியவையே. ஆனால், புதுமையை நாடும் ஆர்வத்தில் பழைய பயன் ஒன்றில் உள்ள குறை மறக்கப்படுகிறது. ஆலைகளை அடுத்த ஊர்களில் பால்மாடும் எருமையும் வளர்ப்போர் ஈரச் சக்கையை வாங்கித் தீவனமாக இடுவது நெடுநாளைய வழக்கம். நம் நாட்டு வெயிலில் ஈரச் சக்கை இரண்டு மூன்று நாட்களுக்குமேல் கெடாது நிற்பதில்லை. முதலில் புளிக்கும், பின்னர்ப் பூசணம் பிடிக்கும்.

பூசணத்தால் விளையும் கேடு மாட்டோடு நின்றுவிடுவதில்லை. சிலவகைப் பூசணங்கள் அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. தீவனத்தில் உள்ள அந்நஞ்சு மாட்டின் உடலில் சிறிது மாறுபட்டுப் பாலில் வெளிப்படும். பாலைக் காய்ச்சினாலும் அழியாது. ஒரு கிலோ பாலில் அது 0.5 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்பது நமது நாட்டு விதி. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நடத்திய தேசியப் பால் ஆய்வில், 6,432 மாதிரிகளுள் 368 மாதிரிகள் இவ்வரம்பைக் கடந்திருந்தன. இதற்குப் பீர் ஆலைச் சக்கையே காரணம் என்று கொள்வது தவறாகும். பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, சோளத்தட்டு என எதுவும் ஈரம் பட்டால் இந்நஞ்சுக்கு இடமாகலாம். ஆனால், முக்கால் பங்கு நீரோடு விற்கப்படும் பண்டத்தில் ஆபத்து மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை.

இப்பொழுது அந்த ஆபத்தைச் சுமப்பவர் யார்? இரண்டு மூன்று மாடுகளை வைத்துப் பிழைப்பவர்தாம். வாங்கிய மூட்டை கெட்டுவிட்டால் அதைக் கொட்டிவிடும் வசதி அவருக்கு இல்லை. ஆலைக்கோ, சக்கை வாயிலைக் கடந்த கணமே கவலை தீர்ந்துவிடுகிறது. இந்த முறை மாறவேண்டும். சக்கையைக் கெடாத நிலையில் ஒப்படைக்கும் பொறுப்பு, அதை உண்டாக்கும் ஆலையையே சாரவேண்டும்.

உலர்த்துவதற்கு எரிபொருட் செலவு மிகும் என்று ஆலையினர் கூறுவர். அது உண்மையே. ஆயினும், நீரில் ஒரு பகுதியை அழுத்துபொறியால் முதலில் பிழிந்துவிட்டால் எரிபொருள் குறையும். கொதிகலனிலிருந்து வீணே வெளியேறும் வெப்பத்தையும் பயன்படுத்தலாம். உலர்த்த இயலாத சிறு ஆலைகள், சக்கையை அன்றைக்கன்றே காற்றுப் புகாத பீப்பாய்களில் அழுத்தி அடைத்துப் பதனத் தீவனமாக்கி அளிக்கலாம்.

காலத்தில் பதப்படுத்தினால் உபபொருளின் மதிப்பு எவ்வளவு உயரும் என்பதற்கு, பீர் ஆலையின் மற்றோர் உபபொருளாகிய ஈஸ்ட் சான்று பகரும். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் 1902 முதல், ஆலைகள் கழித்த ஈஸ்டிலிருந்து மார்மைட் என்னும் சாறு தயாரிக்கப்பட்டது. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் மருத்துவ அறிஞர், அங்குள்ள நெசவாலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களுக்குக் கண்ட கடும் இரத்தச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதை 1931-இல் வெளியிட்டார். அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதி குன்னூரிலும் நடந்தது. குணமளித்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இன்று கருவுற்ற தாய்மார்க்கு இரும்புச் சத்துடன் சேர்த்து வழங்கப்படும் மாத்திரையில் உள்ளது அதுவே. அந்த ஈஸ்ட் கெடுமுன் சாறாக்கப்பட்டதனாலேயே மருந்தாக உதவிற்று. தொட்டியிலேயே அழுகியிருந்தால் சாக்கடைக்கே போயிருக்கும்.

களப்பணியாளர்கள் மாடு வளர்ப்போரிடம் வற்புறுத்த வேண்டியவை சிலவே. இரண்டு நாள் தேவைக்குமேல் ஈரச் சக்கையை வாங்கலாகாது. பூசணம் கண்ட பகுதியை மட்டும் அகற்றி எஞ்சியதை இடுவது பாதுகாப்பன்று. நஞ்சு கண்ணுக்குத் தெரிவதில்லை. சக்கையில் சுண்ணாம்புச் சத்து குறைவு; ஆகவே பசுந்தீவனத்தோடும் தாது உப்புக் கலவையோடும் சேர்த்தே இடவேண்டும். ஆசிரியர்கள் வகுப்பில் நூறு கிராம் ஈரச் சக்கையை நிறுத்து, வெயிலில் நன்கு காயவைத்து மீண்டும் நிறுத்துக் காட்டலாம். இருபது, இருபத்தைந்து கிராமே எஞ்சும். வாங்குவோர் நீருக்கு எவ்வளவு விலை கொடுக்கின்றனர் என்பது மாணவருக்கு அப்பொழுதே விளங்கும்.

சக்கையிலிருந்து ரொட்டியும் பிஸ்கோத்தும் வரட்டும், வரவேற்கத்தக்கவையே. ஆனால், ஆலை வாயிலில் விற்கப்படும் ஒவ்வொரு மூட்டையிலும் வடித்த நாளைக் குறிக்கவேண்டும் என்னும் எளிய விதி அவற்றுக்கு முன்னரே வரவேண்டும். குழந்தைகள் குடிக்கும் பாலுக்கு அதுவே முதற் காவலாகும்.