பழைய பாலிசிகளை முதலில் தேடுங்கள்

மாசுபட்ட நிலங்களைச் சீரமைப்பதற்கான மத்திய அரசின் விதிகள் 2025 ஜூலையில் வெளிவந்தன. நாடு முழுவதும் அடையாளம் கண்ட 103 இடங்களில் ஏழில் மட்டுமே வேலை தொடங்கியிருந்த நேரம் அது. இடத்தை ஆராய, காரணமானவரைக் கண்டுபிடிக்க என்று எல்லாவற்றுக்கும் நாள் குறித்தவர்கள், சீரமைப்பை முடிக்க மட்டும் நாள் குறிக்கவில்லை. கடலில் கொட்டிய எண்ணெய் இந்த விதிகளுக்குள் வராதாம். எண்ணூர்க்காரர்கள் சிரிப்பதா, அழுவதா?

பணம்? மாசுபடுத்தியவர் தருவார். அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, கண்டுபிடித்தபின் அவர் கையை விரித்தாலோ மத்திய, மாநில அரசுகள் தரும். அதாவது, நீங்களும் நானும்.

கையை விரிப்பவரிடம் நம் அதிகாரிகள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த வருடங்களில் உங்களுக்கு இன்சூரன்ஸ் கொடுத்தது யார்?

அமெரிக்கா அதைக் கேட்டது. 1980இல் சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்து, பல பத்தாண்டுகளுக்கு முன் புதைத்த நஞ்சையும் இப்போதே அள்ளு என்றதும், நிறுவனங்கள் பரண்களைக் குடையத் தொடங்கின. 1950களிலும் 60களிலும் வாங்கிய பொறுப்புக் காப்பீடுகளில் ஒரு வசதி இருந்தது: சேதம் எந்த வருடம் நடந்ததோ அந்த வருடத்துப் பாலிசி பொறுப்பேற்கும், வழக்கு எப்போது வந்தாலும் சரி. காப்பீட்டாளர்கள் 1970களில் மாசுக்கான கதவைப் பாதி சாத்தினார்கள், 1986இல் முழுவதும் சாத்தினார்கள். ஆனால் விற்றது விற்றதுதான். பாலிசி தொலைந்திருந்தால் பிரீமியம் கட்டிய கணக்கேடு, இயக்குநர் குழுக் குறிப்பு என்று எதையாவது தோண்டி எடுத்து நிரூபித்தார்கள். காப்பீட்டுத் தொல்லியல் என்றே ஒரு தொழில் உருவானது. கீழடியில் பானை ஓடு தேடத் தெரிந்த நமக்கு இது கைவராத கலையா?

விளைவு, லண்டனில் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை ஆட்டம் கண்டது. 1988 முதல் 1992 வரையான ஐந்தே ஆண்டுகளில் சுமார் 800 கோடி பவுண்டு நஷ்டம். அதில் கணிசமான பங்கு கல்நார் நோய் வழக்குகளும் அமெரிக்க மாசு வழக்குகளும் கொண்டுவந்தவை. சொந்தச் சொத்தையெல்லாம் அங்கே பிணையாக வைத்திருந்த கனவான்கள் வீட்டை விற்றார்கள். பழைய பொறுப்புகளைத் தனியே சுமக்க 1996இல் ஈக்விடாஸ் என்ற நிறுவனமே தொடங்க வேண்டியதாயிற்று. இந்த 800 கோடியை நான் எங்கே போனாலும் சொல்கிறேன் என்று நண்பர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அலுத்துக்கொள்ளட்டும். உள்ளூர் ஆற்றில் விட்ட கழிவுக்கும் ஒரு சாம்ராஜ்யத்தின் காப்பீட்டுச் சந்தையையே கணக்குத் தீர்க்க வைத்த எண் அது.

இப்போது வடசென்னைக்கு வருவோம். மணலி சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது 1969இல். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல். அன்று இந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இருந்தன. 1973 ஜனவரி 1 அன்று அவற்றில் 107ஐ இணைத்து நான்காக்கினார்கள். அந்த நான்கில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. பழைய பாலிசியைத் தேட லண்டன் போக வேண்டாம், மின்சார ரயில் ஏறினால் போதும்.

பழைய பாலிசிகள் படிப்படியான மாசுக்குப் பொருந்தாது என்று காப்பீட்டு வல்லுநர்கள் உடனே கிளம்புவார்கள். எத்தனை பாலிசியை எடுத்துப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள்? போபால் விஷவாயு விபத்துக்குப் பின் வந்த 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தைப் பார்க்கட்டும். திடீர் நிகழ்வால் தொடர்ந்தோ, விட்டுவிட்டோ, திரும்பத் திரும்பவோ நேரும் பாதிப்பையும் அது விபத்துக்குள் சேர்க்கிறது. 2013இல் தண்டையார்பேட்டைக் கிணறுகளில் டீசல் மிதந்ததே, பூமிக்கடியில் குழாய் கசிந்து, அதை இதற்குள் சேர்க்காமல் எதைச் சேர்ப்பது? தொழில் ஓடிவிடும் என்பவர்களுக்குப் பதில் சொல்ல இடம் வீணாக்கப் போவதில்லை.

அந்தச் சட்டத்தை நாம் நடத்திய லட்சணத்தையும் பார்க்க வேண்டும். ஆலைகள் பிரீமியத்துக்குச் சமமான தொகையைச் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் கட்ட வேண்டும். கட்டின. 800 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. அதைப் பல ஆண்டுகள் கட்டிக் காத்தது வேறு யாருமல்ல, அதே யுனைடெட் இந்தியாதான். செலவழித்தது சொற்பம். 1991இல் சட்டம் வந்தபோது அதன் அட்டவணைப்படி ஓர் உயிருக்கு ரூ.25,000, சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் ரூ.6,000. ஒரு வலையைக்கூட வாங்க முடியாத தொகை. அரசு நிறுவனங்களுக்குக் காப்பீட்டிலிருந்தே விலக்கு அளிக்கவும் சட்டம் இடம் தருகிறது. கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டியது யார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

2017 ஜனவரி 28இல் இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் வாளியால் எண்ணெய் அள்ளினார்களே, அந்தக் கப்பல்களைக்கூட எரிபொருள் கசிவுக்கான காப்பீட்டுச் சான்றிதழ் எங்கே என்று துறைமுகம் கேட்க முடியும். கரையில் ஐம்பது ஆண்டாக நிற்கும் ஆலையின் பாலிசியை எந்தக் குப்பத்து மீனவர் பார்த்திருக்கிறார்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தபோது நிவாரணம் அறிவித்தது மாநில அரசு: ரூ.8.68 கோடி. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தை அம்மோனியாக் கசிவு எழுப்பி ஓடவிட்டது.

ஆகவே மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஒரே ஒரு நிபந்தனை போடட்டும். மணலி முதல் காட்டுப்பள்ளி வரை, முதல் புகைபோக்கி எழுந்த ஆண்டு தொடங்கி இன்றுவரையான எல்லாப் பொறுப்புக் காப்பீட்டு ஆவணங்களையும் கொடுக்காத ஆலைக்கு இசைவாணையைப் புதுப்பிக்கக் கூடாது. அந்தக் காகிதங்கள் வெளியே வந்தால் எண்ணூர் முகத்துவாரத்தைச் சீரமைக்க அரசு கஜானாவிலிருந்து ஒரு ரூபாய்கூடத் தேவைப்படாது என்பேன். இதற்கிடையே, 1991 சட்டப்படி நிவாரணம் கோரி ஆட்சியரிடம் விண்ணப்பிக்க விபத்து நடந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுதான் அவகாசம். 2017க்கான அவகாசம் போய்விட்டது. 2023க்கான அவகாசம் 2028 டிசம்பரில் முடிகிறது. சென்னை, திருவள்ளூர் ஆட்சியர்கள் விண்ணப்பப் படிவத்தோடு குப்பங்களுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது.