பெட்டிக்குள்ள இருக்கிற பெட்டி

போன மாதம் ஒரு சனி இரவு மகன் அறைக்குள்ளிருந்து ஓடி வந்தான். "அப்பா, கொம்பியூட்டர் திரும்பவும் நிண்டு போச்சு." அது மூன்றாவது தரம். கேம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஓடும், பிறகு திரை இருண்டு மொத்தமாக நின்றுவிடும். பதினாறு வயதுப் பொடியன். கோடை முழுக்க வேலை செய்து சேர்த்த காசில், வேர்டன் பக்கம் ஒருவரிடம் பாவித்த ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கியிருந்தான்.

நான் யோசிக்கவே இல்லை. "அவன் உன்னை நல்லா ஏமாத்திப் போட்டான். காசைத் திருப்பிக் கேள்" என்றேன். அவனும் எழுதிக் கேட்டான். விற்றவர் கோபப்படவில்லை. ஒரேயொரு கேள்விதான் திருப்பிக் கேட்டார்: உங்கட பவர் சப்ளை என்ன?

"500 வாட் அப்பா, பெரிசா எழுதியிருக்கு" என்றான் மகன். மூடியைக் கழற்றிப் பார்த்தோம். எழுதித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெரிய எழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு அட்டவணை இருக்கும், பார்க்க வேண்டியது அதைத்தான். கிராபிக்ஸ் கார்டும் புரொசசரும் தங்கட மின்சாரத்தை 12 வோல்ட் வழியில்தான் எடுக்கின்றன. எங்கட பெட்டியில் அந்த வரிசையில் 25 அம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டை இருபத்தைந்தால் பெருக்கினால் 300 வாட். மிச்ச வாட்டுகள், இந்தக் காலத்துக் கொம்பியூட்டர் அதிகம் தொடாத 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கில் கிடந்தன. கார்டுக்கு மட்டும் 200 வாட், பாரம் ஏறும்போது புரொசசருக்கு 100, விசிறி, டிஸ்க், மதர்போர்ட் என்று இன்னொரு 50. ஆக 350. நிற்காமல் என்ன செய்யும்? கார்டில் பிழையே இல்லை.

அதைவிட என் வயிற்றைக் கலக்கியது வேறொன்று. கார்ட் இரண்டு 8 முள் வயர் கேட்டது, பழைய பவர் சப்ளையில் ஒன்றுதான் இருந்தது. மகன் ஏழு டொலருக்கு ஒரு மாற்றி வாங்கி, பழைய டிஸ்க்குகளுக்குப் போகும் மெல்லிய வயரிலிருந்து இரண்டாவதை இழுத்திருந்தான். ஒரு 8 முள் இணைப்பு 150 வாட் வரை கொண்டுபோகலாம், அந்த மெல்லிய வயர் அதற்குச் செய்ததல்ல. சூடேறும், பிளாஸ்டிக் உருகும். பிள்ளை நித்திரை கொள்ளும் அறை அது. உங்கட வீட்டிலும் அப்படியொரு மாற்றி இருந்தால் இன்றைக்கே கழற்றி விடுங்கோ.

"அப்ப 1000 வாட் வாங்குவம்" என்றான். தேவையில்லை. 4070க்கு என்விடியாவே சொல்வது 650 வாட். 1000 கேட்பது 5090, அந்தக் கார்ட் ஒன்றே 575 வாட் எடுக்கும். எங்கட 350க்கு 650 தாராளம். அந்த இடைவெளி வீண் இல்லை. இந்தக் கார்டுகள் கண் இமைப்பதற்குள் தங்கட அளவைத் தாண்டித் துள்ளும், அதையும் பவர் சப்ளை தாங்க வேண்டும். ஏடிஎக்ஸ் 3.0 என்று எழுதியிருப்பவை இந்தத் துள்ளலை மனதில் வைத்துச் செய்தவை.

பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'புளொக் தலிமான்தாசியோன்'. மூலைக்கு மூலை நிற்கும் கூஷ்-தார் கடை நிறுவனத்தின் பெயரிலும் அதே 'அலிமான்தாசியோன்' உண்டு. இரண்டும் சாப்பாடு போடுகிற வேலைதானே!

அடுத்தது வெண்கலம், தங்கம், பிளாட்டினம் என்ற 80 பிளஸ் முத்திரை. தங்கம் என்றால் பாதிப் பாரத்தில் 90 சதவீதம் பயனாகும், வெண்கலம் என்றால் 85. மின்சாரம் விலை கூடிய இடங்களில் இது பெரிய விஷயம். இங்கே ஹைட்ரோ-கியூபெக் ஒரு நாளின் முதல் 40 யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 சதம்தான் எடுக்கிறது. தினம் மூன்று மணிநேரம் விளையாடினாலும் வித்தியாசம் மாதத்துக்கு ஒரு டொலர்கூட வராது. வீணாகும் சூடும் ஜனவரியில் அறைக்குள்தானே நிற்கப்போகிறது. முத்திரையைவிட நான் உத்தரவாதத்தைத்தான் பார்ப்பேன். ஏழு, பத்து வருஷம் கொடுக்கிற கொம்பனி உள்ளே மலிவுச் சாமானைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வரியோடு 120 டொலர் சொச்சம் போனது. அது நான் கொடுத்த காசு, அவனுடையதல்ல.

மாற்றும்போது ஒன்றை மறக்கக்கூடாது. பழைய பவர் சப்ளையின் வயர்களைப் புதியதில் செருகாதீங்கோ. கார்ட் பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், பவர் சப்ளைப் பக்கத்து முள்ளின் ஒழுங்கு கொம்பனிக்குக் கொம்பனி வேறு. சரியாகப் பொருந்தும், போட்டவுடன் டிஸ்க் செத்துப்போகும். பழைய பெட்டியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம், கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். நாங்கள் அதை அப்படியே எக்கோசென்டரில் கொடுத்துவிட்டோம்.

விற்றவருக்கு நானே எழுதி மன்னிப்புக் கேட்டேன். மகனிடம் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. "பரவாயில்லை அப்பா" என்று திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

அன்றிரவு திரும்பவும் எல்லாம் இருண்டது, இந்த முறை அறை முழுக்க. அவனுடைய காலடியில் 1500 வாட் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. 15 அம்பியர் பிரேக்கர் ஒன்று 120 வோல்ட்டில் 1800 வாட்தான் தாங்கும். ஹீட்டரும் கொம்பியூட்டரும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். கீழே போய் பிரேக்கரைத் தூக்கிவிட்டு வந்தேன். மகன் ஹீட்டரைக் கழற்றிப்போட்டு, அம்மம்மாவின் கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தான்.