இறக்குமதிக் கதவு திறந்தால் நமது சட்டி நிறையுமா?



கோழி இறைச்சியின் விலை ஏறும்போதெல்லாம் கொழும்பில் ஒரே வாக்குவாதம்தான் நடக்கிறது. விலையைக் குறைக்காவிட்டால் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வோம் என்று அமைச்சர்கள் சொல்வார்கள். இறக்குமதி செய்தால் உள்ளூர்ப் பண்ணைகள் அழிந்துவிடும் என்று உற்பத்தியாளர்கள் சொல்வார்கள். இரண்டு பக்கமும் நுகர்வோரின் பெயரில்தான் பேசுகின்றன. தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்ட பக்கத்து லயங்களில் இருக்கும் நாமும் நுகர்வோர்தான். ஆனால் நம்மை யாரும் கேட்பதில்லை. ஆகவே நமது கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

விருப்பமா, வருமானமா?

தோட்ட மக்கள் பருப்பு, நெத்தலி, டின் மீன் ஆகியவற்றைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று வெளியில் ஒரு பேச்சு இருக்கிறது. இது விருப்பம் அல்ல. இறைச்சியை வாங்கினால் அன்றைக்கே சமைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காம்பராவில் மறுநாளைக்கு வைக்க முடியாது. நெத்தலியும் டின் மீனும் கெடாமல் இருக்கும். கடைக்காரரும் அவற்றைக் கடன் கொப்பியில் எழுதிக்கொண்டு சம்பள நாள் வரை பொறுப்பார். கோழிக்குக் கையில் காசு வேண்டும். தீபாவளி முற்பணம் வந்த வாரத்தில் எந்த லயத்துக்குப் போனாலும் கோழிக்கறி வாசம் அடிக்கிறதே, அப்போது மட்டும் நமது நாக்கு மாறிவிடுகிறதா?

நம்மில் சிலர் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிறோம். இடைவேளையில் பிள்ளைகள் திறக்கும் சாப்பாட்டுப் பெட்டியில் பெரும்பாலும் ரொட்டியும் சம்பலும்தான். முட்டை இருக்கும் பெட்டிகளை எண்ணிவிடலாம். வளரும் பிள்ளைக்குப் புரதம் எவ்வளவு முக்கியம் என்று விஞ்ஞானப் பாடத்தில் நாமே சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பிள்ளையின் தாய்க்கும் அது தெரியும். தெரிந்தும் வாங்க முடியவில்லை.

மூடிய கதவும் திறந்த கதவும்

இறக்குமதியே வேண்டாம், எல்லாவற்றையும் மூடிவிட்டால் உள்ளூர் உற்பத்தி பெருகும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் நமது பெரியவர்களிடம் 1973, 1974ஆம் ஆண்டுகளைப் பற்றிக் கேட்க வேண்டும். இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டு, அரிசியும் மாவும் அளந்து கொடுக்கப்பட்ட காலம் அது. கிராமத்தில் ஒரு துண்டு நிலம் இருந்தவர்கள் மரவள்ளியாவது நட்டார்கள். நிலமில்லாத தோட்டத் தொழிலாளரே பட்டினியால் அதிகம் செத்தார்கள்.

1977இல் ஆட்சி மாறியது. தென்னாசியாவிலேயே முதலாவதாக இலங்கை திறந்த பொருளாதாரத்துக்குப் போனது. கடைகள் நிறைந்தன. பால்மா, டின் மீன், மைசூர் பருப்பு எல்லாம் தாராளமாக வந்தன. அதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் கடை நிறைந்த வேகத்தில் சம்பளம் ஏறவில்லை. 2021இல்தான், அதுவும் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, நாட்சம்பளம் 1000 ரூபாயானது.

இந்தத் திறந்த சந்தைக்குள் நமது கோழி எப்படி வளர்கிறது என்று பாருங்கள். கோழி இறைச்சியில் இலங்கை பெரும்பாலும் தன்னிறைவு கண்ட நாடுதான். ஆனால் கோழி தின்னும் சோளத்திலும் சோயாவிலும் பெரும் பங்கை வெளிநாட்டில் வாங்க வேண்டியிருக்கிறது. கோழி உள்ளூர், அதன் இரைப்பைக்குள் இருப்பது டொலர். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. சோள விளைச்சல் விழுந்தது. 2022இல் தீவனம் வாங்க நாட்டில் டொலர் இல்லை. சிறிய பண்ணைக்காரர் பலர் கோழிகளை விற்றுவிட்டுக் கூட்டை மூடினார்கள். அந்த ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்பு முட்டைக்கு 45 ரூபாய் என்று அரசு கட்டுப்பாட்டு விலை அறிவித்தது. அந்த விலைக்கு முட்டை கிடைப்பதே அரிதாகிப் போனது.

அதன் பிறகு 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியானது. அந்த முட்டைகள் முதலில் போனது பேக்கரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும்தான். லயத்துப் பிள்ளைக்கு அல்ல. அதே வருடத்தில் ஒரு கிலோ கோழி ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்றது. காலையில் பிரட்டுக்குப் போய், மாலை வரை மலையில் நின்று கொழுந்து பறித்த சம்பளத்துக்கு ஒரு கிலோ கோழி வரவில்லை.

வரியைக் குறைத்தால் பயன் கட்டாயம் நமக்கு வரும் என்றும் நம்பிவிட முடியாது. 2020 மார்ச்சில் பருப்பு கிலோ 65 ரூபாய், பெரிய டின் மீன் 100 ரூபாய் என்று அறிவித்தார்கள். கடைத் தட்டில் இருந்த டின்கள் காணாமற்போயின. சில வாரங்களில் அந்த விலையும் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் சீனி வரியை கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். குறைத்த வரியின் அளவுக்குச் சில்லறைக் கடையில் விலை குறையவில்லை. நடுவில் நின்றவர்கள் இலாபம் பார்த்தார்கள்.

கதவை அகலத் திறந்துவிட்டால் கோழி விலை குறையாதா என்று கேட்கலாம். குறையும். கானா நாட்டில் குறைந்தது. ஐரோப்பாவில் மக்கள் கோழியின் நெஞ்சுக்கறியைத்தான் அதிகம் விரும்புகிறார்கள். மிஞ்சும் தொடையும் இறக்கையும் உறைய வைக்கப்பட்டு அடிவிலைக்கு ஆபிரிக்காவுக்குப் போகின்றன. அந்த விலையோடு போட்டிபோட முடியாமல் கானாவின் கோழிப் பண்ணைகள் நொடித்தன. 2003இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இறக்குமதி வரியை 20 வீதத்திலிருந்து 40 வீதமாக உயர்த்திச் சட்டம் செய்தது. சர்வதேச நாணய நிதியத்துடன் பேச்சு நடந்த பிறகு அது கைவிடப்பட்டது. நமது நாடும் 2023 மார்ச் முதல் அதே நிதியத்தின் திட்டத்துக்குள் இருக்கிறது. உள்ளூர்ப் பண்ணை செத்த பிறகு இன்னொரு டொலர் நெருக்கடி வந்தால், மலிவுக் கோழியும் இல்லை, உள்ளூர்க் கோழியும் இல்லை என்றாகிவிடும்.

மாடு வளர்ப்பவரின் கணக்கு

2020 செப்டெம்பரில் மாடு அறுப்பதைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது. மாட்டிறைச்சி உண்பவர்களுக்கு அதை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுக்கலாம் என்பதும் அந்த முடிவில் இருந்தது. நம்மில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. பசுவைத் தெய்வமாக நினைப்பவர்கள் நமது லயங்களில் நிறைய. அந்த உணர்வை மதிக்கிறோம். உண்பவரின் உரிமையையும் அதே அளவு மதிக்கிறோம்.

ஆனால் தொழிற்சங்கமாக நாம் பார்க்க வேண்டிய இன்னொரு பக்கம் இருக்கிறது. தோட்ட வேலை முடிந்து புல்லறுத்து ஒன்றிரண்டு மாடு வளர்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. பால் காசு வாரச் செலவுக்கு. பால் வற்றிய மாட்டையும் காளைக் கன்றையும் விற்ற காசு பிள்ளையின் படிப்புக்கு, அல்லது ஒரு கலியாணத்துக்கு. விற்க வழியில்லாவிட்டால் அந்த மாட்டுக்கும் புல் போட வேண்டும். பால் மாட்டின் புல்லில் பாதி அதற்குப் போகும். மாடு விற்கும் தமிழரும், இறைச்சிக் கடை நடத்தும் முஸ்லிம் சகோதரரும் ஒரே சங்கிலியில் இருக்கிறோம். அந்தச் சங்கிலியை அறுத்துவிட்டு, இல்லாத டொலரைக் கொடுத்து வெளிநாட்டு இறைச்சியை வாங்குவது யாருக்கு நன்மை? அடுத்த வருடமே பால்மாவுக்கு வரிசையில் நின்றோம் என்பதை மறக்க வேண்டாம்.

நாம் கேட்க வேண்டியது

இறக்குமதி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடக் கூடாது. கதவு மூடியபோது பட்டினி கிடந்தோம். திறந்தபோது கடைக்கு வெளியே நின்று பார்த்தோம். சோளம், பருப்பு, டின் மீன் எல்லாவற்றுக்கும் கொடுக்கும் டொலரில் நமது கொழுந்தின் பங்கு இருக்கிறது. தேயிலை ஏற்றுமதி வருடத்துக்கு 100 கோடி டொலருக்கு மேல் கொண்டுவருகிறது. பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் தொடங்கிய தொழில் இது. அந்த டொலரைச் சம்பாதித்துக் கொடுப்பவரின் வீட்டுச் சட்டியில் கறி இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

2024 செப்டெம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபாயானது. அப்போது சேமலாப நிதிக்கு 8 வீதம் போய்க் கையில் வந்தது 1242 ரூபாய். வேலை கிடைக்காத நாளுக்கு அதுவும் இல்லை. இனிவரும் ஒவ்வொரு சம்பளப் பேச்சிலும் அரிசி, மா விலையை மட்டும் காட்டி நம்மை அடக்க விடக் கூடாது. ஒரு குடும்பத்துக்கு வாரத்தில் இத்தனை முட்டை, இத்தனை கிராம் இறைச்சி அல்லது மீன், இவ்வளவு பால் என்று பட்டியல் போட்டு, அதன் விலையையும் வைத்துச் சம்பளம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, மாட்டுப் பட்டிக்கும் கோழிக் கூட்டுக்கும் புல் நடவும் நிலம் எழுத்தில் வேண்டும். இன்று துரை சரி என்பார், நாளை வேறு துரை வந்து பட்டியைக் கழற்று என்பார். இந்த நிலையில் யார் கடன் வாங்கி மாடு வளர்ப்பார்கள்? மூன்றாவது, பாடசாலைச் சாப்பாட்டில் பிள்ளைகளுக்கு முட்டை வேண்டும். அந்த முட்டையைத் தோட்டத்திலேயே கோழி வளர்க்கும் பெண்களிடம் வாங்க வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மாதத்துக் கடன் கொப்பியைக் கொண்டுவாருங்கள். எதை வாங்கினோம், எதை வாங்க முடியாமல் விட்டோம் என்று சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம். சம்பளப் பேச்சு மேசைக்கு நமது தலைவர்கள் அந்தக் கணக்கோடு போகட்டும்.