வேதாளையில் நிற்காத பஸ்

2022 டிசம்பரில் பாம்பன் ரயில் பாலம் மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை, மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் தீவுக்குப் போக 1988-இல் திறந்த சாலைப் பாலமும் பஸ்ஸும்தான் கதி. அந்த பஸ்களில் தனியார் ஆம்னி பஸ் சொகுசுதான், நானே போவேன். ஆனால் சட்டப்படி அது ஒப்பந்த ஊர்தி. கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒரு விலை, பொங்கலுக்கு மறுநாள் வேறு விலை. அரசு பஸ்ஸில் தகரம் கிடுகிடுக்கும், ஜன்னல் இறங்காது. என்றாலும் டிக்கெட் விலை தீபாவளிக்கு ஏறாது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. எல்லாவற்றையும் தனியாருக்கு விட்டால் சரியாகிவிடும் என்பவர்கள், மண்டபம் அருகே வேதாளை விலக்கில் ஈரம் சொட்டும் மீன் கூடையோடு நிற்கும் அக்காவை எந்த ஏசி பஸ் ஏற்றும் என்று சொல்லட்டும். அரசு பஸ்ஸிலேயே கண்டக்டர் முகம் சுளித்துவிட்டுத்தான் ஏற்றுகிறார்.