அமானிதக் காசும் கல்லாப்பெட்டியும்

நம் கடைத்தெருவில் அன்றாடம் புழங்கும் 'அமானிதம்' என்ற சொல், 'அமானத்' எனும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஈமான், அமீன் ஆகியனவும் அதே வேரில் பிறந்தவை. அச்சமற்றிருத்தலே அவ்வேரின் பொருள். கி.பி. 622இல் ஹிஜ்ரத் புறப்பட்ட நபியவர்கள் (ஸல்), தம்மிடமிருந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலி (ரழி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள்.

இன்றோ, பத்திரமாக வைக்கத் தந்த காசை, 'பிறகு கொடுக்கலாம்தானே' என்று சரக்கில் போடுவோர் நம்மிடையே உண்டு. மார்க்கச் சட்டப்படி, கவனமாக வைத்த அமானிதம் களவுபோனால் வைத்திருந்தவர் பொறுப்பல்ல. அனுமதியின்றிக் கைவைத்தால் நட்டம் முழுவதும் அவர் தலையில்தான்.

வியாபாரிகளே, காசு தேவையென்றால் உரியவரிடம் கேட்டு, கடனாக எழுதிக்கொள்ளுங்கள். அதுவரை அமானிதம் கல்லாவில் கலக்காமல் தனியே இருக்கட்டும். தந்தவர் அச்சமின்றி உறங்கினால்தான் அது அமானிதம்.