கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட்: போடி வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்



நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் போடிநாயக்கனூரில், குடோன்களுக்குக் குறைவில்லை. இடம் போதாமல் உயரமான ராக் அமைத்து, ஃபோர்க்லிஃப்ட் வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஏலக்காய் மூட்டை கனத்தைவிட இடத்தைத்தான் அதிகம் அடைக்கும். பேலட்டில் உயர அடுக்கினால் ஓட்டுநருக்கு முன்னால் எதுவும் தெரியாது. பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும். சாய்தளத்தில் மட்டும் கதை வேறு. ஏறினாலும் இறங்கினாலும் சரக்கு மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும். ஏறும்போது வழிகாட்ட ஓர் ஆள் தேவை. சரிவில் கட்டிய குடோன்களில் இதை மறந்தால் வண்டி கவிழும். கவிழும்போது வெளியே குதிப்பவர்தான் பெரும்பாலும் நசுங்குகிறார். சீட் பெல்ட் போட்டவர் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

மிளகு மூட்டை கனமானது, கீழ்த்தட்டில்தான் வைக்க வேண்டும். ஃபோர்க் உயர உயர வண்டியின் தாங்குதிறன் குறையும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

ராக்கின் கால் இடிபட்டு வளைந்தால், அந்த வரிசையை உடனே காலி செய்து ஆய்வு செய்யுங்கள். 2016 மே மாதம் இங்கிலாந்தின் ஹின்ஸ்டாக்கில் ராக்குகள் சரிந்து, பாலாடைக்கட்டிக் குவியலுக்கு அடியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் எட்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சிக்கிக் கிடந்தார். உயிர் தப்பியது பெரும் பாக்கியம்.

பேலட்டில் ஆளை நிறுத்தி மேலே தூக்குவதை அடியோடு விட வேண்டும்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், லோடுமேன்களையும் சேர்த்து, போடியிலேயே தமிழில் பயிற்சி நடத்த வேண்டும். அடுத்த காய் எடுப்பு தொடங்கும் முன்பே நடத்துங்கள்.

– குடோன் மேற்பார்வையாளர்,
போடிநாயக்கனூர்