கூரையை வெட்டினா கன்வர்டிபிள் ஆயிடுமா?

புதுச்சேரிப் பக்கத்து நண்பர் ஒருத்தர் பழைய பிரெஞ்சு கார் ஒண்ணை விற்கப் போறார். சிட்ரோன் ட்ராக்சியோன் அவான், 1951 மாடல். மேலே கூரை கிடையாது. அவங்க தாத்தா காலத்துல யாரோ ஒரு பட்டறைக்காரர் வெட்டி எடுத்து, ரெக்சின் படுதா போட்டு, ஜானவாச ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டிருக்காங்க. புரோக்கர் இப்ப சொல்றாராம், "அபூர்வமான ஒரிஜினல் பிரெஞ்சு கன்வர்டிபிள்னு போடுங்க சார், ரேட் எங்கயோ போயிடும்"னு.

நண்பர் என்கிட்ட கேட்டது விளம்பர வாசகம். நான் சொன்னது, "அந்த 'ஒரிஜினல்'ங்கிற வார்த்தையை எடுத்துடுங்க."

இந்தக் காரோட கதையே தனி. 1934-ல வந்தது. முன்சக்கர இயக்கம், தனி சேசிஸ் இல்லாத ஒற்றைக்கூடு பாடி, ரெண்டையும் சேர்த்து பெரிய அளவுல தயாரிச்ச முதல் கார்னே சொல்லலாம். அந்தச் செலவே ஆந்த்ரே சிட்ரோனைக் கவிழ்த்துடுச்சு. கம்பெனி மிஷலின் கைக்குப் போச்சு, மனுஷன் 1935-ல செத்தும் போனார். கார் மட்டும் 1957 வரைக்கும் ஓடிச்சு, ஏறக்குறைய ஏழரை லட்சம் வண்டி.

தொழிற்சாலையே திறந்த கார் செஞ்சது உண்மைதான். ஆனா அதெல்லாம் இரண்டாம் உலகப்போருக்கு முன்னாடி. ரெண்டே கதவு, பின்னாடி டிக்கி சீட். போருக்கு அப்புறம் கம்பெனி அதைத் திரும்ப ஆரம்பிக்கவே இல்லை. ஆக 1951 மாடல், நாலு கதவு, திறந்த கூரைன்னா யாரோ வெட்டினதுன்னு அர்த்தம். விஷயம் தெரிஞ்சவன் ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவான். ஏமாறப் போறது தெரியாதவன் மட்டும்தான். எனக்கு எரிச்சலே அங்கதான்.

எங்க தாமல்லேருந்து காஞ்சிபுரம் கூப்பிடு தூரம். அங்கே புடவை எடுக்கத் தெரிஞ்ச பாட்டிகள் புரட்டிப் போட்டு உடலும் பார்டரும் சேர்ற இடத்தைத்தான் முதல்ல பார்ப்பாங்க, கோர்வை சரியா இருக்கான்னு. ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கான்னும் பார்ப்பாங்க. கலப்பு ஜரிகைப் புடவை விற்கிறது குத்தமில்லை, அதை அசல்னு சொல்லி விற்கிறதுதான் குத்தம். கார் மட்டும் என்ன ஒசத்தி?

காசு விஷயம் மட்டுமில்லை. ஒற்றைக்கூடு கார்ல கூரையும் பாரம் தாங்குது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மாதிரி தனி சேசிஸ் இருந்தா கூரையைக் கழட்டினாலும் வண்டி நிக்கும் (ஹெரால்டுக்கு கூரையே போல்ட் போட்டதுதான்). இதுல வெட்டிட்டு கீழே பலப்படுத்தலைன்னா நடு உடம்பு மெல்லத் தொய்யும், கதவு பிடிக்கும். மாப்பிள்ளையை வச்சு நாதஸ்வரத்துக்குப் பின்னாடி ஊர்ந்து போற வரைக்கும் பிரச்சினை இல்லை. வாங்கினவர் ஆசையா ஈ.சி.ஆர்-ல எண்பதுல அழுத்தினா?

சட்டமும் இடிக்குது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிடுச்சு. 2021-ல வந்த விண்டேஜ் விதிப்படி ஐம்பது வயசு தாண்டின வண்டிக்கு தனிப் பதிவு, 'வி.ஏ' எழுத்தோட நம்பர் எல்லாம் கிடைக்கும். ஆனா சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. கூரையை வெட்டினதை விடப் பெரிய மாற்றம் வேற என்ன இருக்கு? லட்சக்கணக்குல கொடுத்து வாங்கினவர் ஆர்.டி.ஓ ஆபீஸ் வாசல்ல நிக்கறப்பதான் இது தெரியணுமா?

அதுக்காக, "பாவி, காரைக் கொன்னுட்டான்"னு திட்டற பழமைவாதிகள் கட்சியும் நான் இல்லை. 1951-ல பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர்லேருந்து வந்த காரை ஒரு தமிழ்ப் பட்டறை ஜானவாசக் காரா மாத்தியிருக்கு. எத்தனை மாப்பிள்ளைங்க கோட்டு சூட்டோட, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல அதுல உட்கார்ந்து வந்திருப்பாங்க! என்னைக் கேட்டா அந்தக் கதையோட விற்கிறதுதான் மரியாதை. திரும்ப கூரையை வெல்டு பண்ணி மறைக்கிறது இன்னொரு பொய்.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "சிட்ரோன் ட்ராக்சியோன் அவான், 1951. செடான். ஊர்வலத்துக்காக உள்ளூரில் கூரை வெட்டப்பட்டது. பின்கதவுகள் சரியாக மூடாது. பழைய ஊர்வலப் படங்கள் உண்டு."

புரோக்கர் கோவிச்சுக்கிட்டு போயிட்டாராம் :-) நண்பருக்கும் ரேட் குறையுமேன்னு உள்ளுக்குள்ள வருத்தம்தான். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் நேர்ல பார்க்க வர்றாராம். வந்ததும் முதல்ல அந்தப் பின்கதவைத் திறந்து காட்டுங்கன்னு சொல்லியிருக்கேன்.